இரண்டு கைக்கான போர்டு

டிசம்பர் 2

எறும்பு, உன் நோட்டில்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. பாதிக்கு மேல் வெறும் தாளாகக் கிடக்கிறது. முன் பக்கங்களில் நீ தேதி போட்டு, அன்றைக்கு என்ன செய்தாய், எது கெட்டுப்போனது என்று எழுதி வைத்திருக்கிறாய். அதே மாதிரி நானும் எழுதப் போகிறேன். ஏழாவதோடு நின்றவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். போதாததற்கு இடது கை.

இன்று உன் மாமா வந்தார். அவருக்குப் பின்னால் பழைய இரும்புக்காரனின் மூன்று சக்கர வண்டியும் வந்து வாசலில் நின்றது. கலியாணம் ஆகாமலே போய்ச்சேர்ந்த பொம்பளைப் பிள்ளையின் சாமானை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். துணிமணி போகட்டும், அந்தப் பிரிண்டரையாவது தூக்கிப் போட்டால்தான் உனக்குத் தூக்கம் வரும் என்றார். வராவிட்டால் விழித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

பார்த்தால் யாரும் குப்பை என்றுதான் சொல்வார்கள். மேல்மூடி இல்லை. வயரும் பல்சக்கரமும் குடல் மாதிரி வெளியே தெரிகிறது. மாமா அதைக் காலால் தொட்டார்.

"அம்மிணி, இது இனி எதுக்காகும்?"

"சர்க்யூட் போர்டு போடறதுக்கு ஆகும்ணா."

"யாரு போடறது?"

"நான்தான்."

அவர் என் வலது கையைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார். இரும்புக்காரனுக்கு டீ கொடுத்து வெறும் வண்டியோடு அனுப்பினேன்.

அவர்கள் போன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று பயம் வந்தது. சொன்னது சொன்னதுதான்.

டிசம்பர் 3

கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அடுப்பில் சோறு வடித்தேன்.

டிசம்பர் 6

உனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் உன் வழக்கப்படி முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் பனியன் கம்பெனியில் சட்டைக் கழுத்தில் சைஸ் ஸ்டிக்கர் ஒட்டும் பிரஸ் ஐந்து இருக்கிறது. கீழே மேடை, மேலே சுடுகிற இரும்புத் தகடு. சட்டையை விரித்து, ஸ்டிக்கரை வைத்து, கையை எடுத்துக்கொண்டு காலால் பெடலை மிதித்தால் தகடு வந்து அமுக்கும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை மிதிக்க வேண்டும். அவசரத்தில் கால் முந்திவிடும், கை பிந்திவிடும். ஆகஸ்டில் அது நடந்த பிறகு நான் ஓட்டின பிரஸ்ஸை மட்டும் நிறுத்தி, மேலே ஒரு சாக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். என்னைச் செக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்று சாக்கை எடுத்துவிட்டார்கள். பெரிய ஆர்டர் வந்திருக்கிறதாம். பொங்கல் லீவு முடிந்து பத்தொன்பதாம் தேதி பிரஸ் ஓடும், மினதி ஓட்டுவாள் என்று சூப்பர்வைசர் ஜெயபால் சொன்னார். மினதி ஒடிசாக்காரி, அக்கா என்பதற்கு அவள் பாஷையில் என்னைத் தீதி என்பாள். இரண்டு பிள்ளைகளை ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருப்பவள். பெடல் அதே பெடல்தான்.

நான் எழுந்து போய்க் கேட்டேன். ஜெயபால் நல்ல மனுஷன்தான், ஆனால் வாய்.

"இதே பிரஸ்ல நீங்க ஒம்பது வருஷம் ஒண்ணும் ஆகாமத்தானுங்க்கா ஓட்டுனீங்க."

"ஒம்பது வருஷம் ஆகலை. அப்பறம் ஆச்சு" என்றேன்.

பழைய மாடலுக்கு வெளியில் போர்டு கிடைக்காது, புதுப் பிரஸ் வாங்குவதை மொதலாளிதான் யோசிக்க வேண்டும் என்றார். என் மகள் இதற்கு ஒரு போர்டு வரைந்து வைத்திருக்கிறாள், செய்து கொண்டுவந்தால் மாட்டுவீர்களா என்று கேட்டேன். "கொண்டாங்க, மாட்டிப் பாக்கலாம்" என்று சிரித்தார். என்னை இடத்துக்குப் போகவைக்கச் சொன்னது அது. பதினோரு பேர் முன்னால் சொன்னதால் நான் வாக்காக எடுத்துக்கொண்டேன்.

நீ வரைந்தது இதுதான். பெடல் கிடையாது. முழத்துக்கு மேல் தள்ளித் தள்ளி இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் அமுக்கினால்தான் தகடு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் தகட்டுக்கடியில் இருக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ள எட்டாவது படித்திருக்கத் தேவையில்லை.

டிசம்பர் 8

ஞாயிறுக்கு ஞாயிறு உன் நோட்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் விளங்குகிறது.

செம்பு ஒட்டிய தகட்டில் கோடு கோடாக மை போட வேண்டும். அப்புறம் நீ கேனில் வைத்திருக்கிற பழுப்பு மருந்துத் தண்ணீரில் போட்டால் மை இல்லாத இடத்துச் செம்பை அது தின்றுவிடும். மைக்கு அடியில் இருக்கிற செம்பு மட்டும் மிஞ்சும். மிஞ்சினதுதான் வயர். நீ முதலில் தாளில் எடுத்த பிரிண்டை இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்துத் தகட்டுக்கு மாற்றினாய். இஸ்திரிப் பெட்டியைக் கெடுத்தாய் என்று நான் கத்தினேன். அதில் கோடு விட்டு விட்டு விழுந்தது. அதனால்தான் பழைய பிரிண்டரை வாங்கி, மூடியைக் கழற்றி, மேல் உருளைகளைப் பிடுங்கி, மை பீய்ச்சும் தலை ஓடுகிற கம்பிக்கு அடியில் வாஷர் கொடுத்துத் தூக்கியிருக்கிறாய். தாள் போகிற இடத்தில் நேராகத் தகட்டையே விடுவதற்கு.

கம்பெனியில் நாங்கள் துணியில் போடுகிற பிரிண்டை நீ செம்பில் போடப் பார்த்திருக்கிறாய். நீ சொன்னபோது நான் காது கொடுக்கவில்லை. போர்டை நகர்த்து, சோற்றுத் தட்டை வைக்கணும் என்றுதான் சொன்னேன்.

கறுப்பு மை இருக்கும் இடத்தில் மஞ்சளை ஊற்றி வைத்திருக்கிறாய். அதற்குக் காரணம் ஒரே வரி: "மஞ்சள்தான் மருந்துக்கு நிற்கும் என்கிறார்கள்."

நோட்டில் நீ படம் போட்டுக் காட்டியிருக்கிற மாதிரியே லேப்டாப்பில் ஒவ்வொன்றாக அமுக்கினேன். பிரிண்டர் முனகியது. தலை இடமும் வலமும் ஓடியது. தாள் வெள்ளையாகவே வெளியே வந்தது.

டிசம்பர் 9

பிரிண்டரைச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் எடுத்துப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அமானுல்லா என்று ஒருவர் பிரிண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சாக்கைப் பிரித்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"யாரும்மா இதை இப்படிக் கொலை பண்ணி வச்சது?"

"எம் பொண்ணுங்க."

"வரச் சொல்லுங்க. நாலு கேள்வி கேக்கணும்."

அவள் வர முடியாது என்றேன். எப்படிச் சொன்னேனோ, அவருக்குப் புரிந்துவிட்டது. ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு ஸ்க்ரூவை மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் சொன்னார். இரண்டு மாதம் ஓட்டாமல் வைத்ததில் மை காய்ந்து தலை அடைத்துவிட்டது. புதுத் தலை போடுவதற்கு வேறு பிரிண்டரே வாங்கிவிடலாம். இதைத் தூக்கிப் போடுங்கள்.

தூக்கிப் போடு என்று சொல்வதற்கு எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று சொல்லிச் சாக்கைக் கட்டினேன்.

டிசம்பர் 13

கம்பெனியில் பிரிண்ட் போடுகிற சல்லடை ஸ்க்ரீனில் பெயிண்ட் காய்ந்துபோனால் ஸ்க்ரீனைத் தூக்கியா போடுகிறோம்? வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மேலே போட்டு விட்டுவிடுவோம். தானாக இளகும். தேய்த்தால்தான் கிழியும்.

அதையே செய்தேன். தலைக்கடியில் ஈரத்துணி. மூன்று நாள் காலையும் மாலையும் துணி மாற்றினேன். மேலே இருந்து வெந்நீர் விட்டுப் பார்க்க ஊசி இல்லாத சிரிஞ்சு வேண்டியிருந்தது. மெடிக்கலுக்குப் போனேன். உன் காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை வாங்கின அதே மெடிக்கல். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார், பையன்தான் எடுத்துக் கொடுத்தான். அவர் மேல் தப்பில்லை. எல்லாரும் காய்ச்சலுக்கு முதலில் மாத்திரைதான் வாங்குகிறார்கள்.

இன்று நான்கு மணிக்கு ஒரு கோடு விழுந்தது. முடி மாதிரி ஒரே ஒரு மஞ்சள் கோடு. அடுத்த தாளில் ஏழு. அதற்கடுத்ததில் உன் படம் முழுசாக.

தாளை எடுத்துக்கொண்டு அமானுல்லா கடை வரைக்கும் போகலாம் என்று செருப்பைப் போட்டேன். அப்புறம் கழற்றினேன். தாளில் விழுந்தது பெரிசில்லை.

டிசம்பர் 17

நீ விட்டுப் போன செம்புத் தகடு ஐந்து. ஒன்று போயிற்று.

பிரிண்டருக்குள் சின்னதாக ஒரு கறுப்பு நாக்கு இருக்கிறது. தாள் வந்து அதைத் தொட்டால்தான் பிரிண்டர் உள்ளே இழுக்கும். தகட்டின் முன்னால் தாள் துண்டு ஒட்டி நாக்கை ஏமாற்று என்று எழுதியிருக்கிறாய். நான் நான்கு விரல் நீளம் ஒட்டினேன். இரண்டு விரல்தான் இருக்க வேண்டும் போல. தகடு கோணலாகப் போய்த் தலையில் மோதி, பல்லைக் கடிக்கிற சத்தம் வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தகட்டில் உழுத மாதிரி கீறல்.

ஒட்டுவதற்குத் தாளை ஒரு கையால் பிடிக்க வேண்டும், ஒரு கையால் டேப்பைக் கிழிக்க வேண்டும். நான் பல்லால் கிழிக்கிறேன்.

டிசம்பர் 21

இன்னொரு தகடும் போயிற்று. மூன்றுதான் பாக்கி.

இந்தத் தடவை தகடு நேராகப் போனது. செம்பு மேல் மஞ்சள் கோடு அத்தனை சுத்தமாக விழுந்தது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மருந்துத் தண்ணீரில் இறக்கினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பால் மேல் ஆடை நகர்கிற மாதிரி மஞ்சள் அப்படியே நகர்ந்தது. கோடும் இல்லை, செம்பும் இல்லை, வெறும் பலகை.

நோட்டைப் புரட்டினேன். நீ எழுதின கடைசிப் பக்கம், அக்டோபர் 11. "மை நிற்கவில்லை. ஏன்?" அதற்குக் கீழே எதுவும் இல்லை. பதிமூன்றாம் தேதி காய்ச்சல் வந்தது.

இதற்கு மேல் எனக்கு வழி சொல்ல நோட்டில் ஒரு வரியும் இல்லை.

டிசம்பர் 22

ஏன் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் செக்கிங் மேஜையில் நிற்கும்போது எதிரே ஹீட்டர் பெல்ட்டில் பிரிண்ட் போட்ட சட்டைகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. தினமும் பார்ப்பதுதான். இன்றைக்குத்தான் பார்த்தேன். வேகாத பிரிண்ட் முதல் துவைப்பிலேயே போய்விடும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்குக்கூட அது தெரியும். மை காய்ந்தால் போதாது, வேக வேண்டும்.

நீ அத்தனை படித்தாய். உனக்கு இது தெரியாது. என்னிடம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். நீ கேட்கும்படி நான் நடந்துகொள்ளவில்லை.

டிசம்பர் 26

தோசைக்கல்லில் வேகவைத்தேன். நல்ல தகட்டைத் தொடவில்லை, ஓரத்தில் வெட்டிப் போட்டிருந்த துண்டுகளில்தான் பார்த்தேன். முதல் துண்டு கருகி மேலே கொப்புளம் போட்டது. இரண்டாவது பத்து நிமிஷம், தேய்த்ததும் வந்துவிட்டது. மூன்றாவதற்குத் தீயைக் குறைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி, கால் மணி நேரம் விட்டேன். மஞ்சள் கொஞ்சம் பழுத்த நிறமாயிற்று.

எங்கள் கம்பெனி டெஸ்டைப் போட்டேன். ஈரத்துணி, கட்டை விரல், இருபது தேய். நின்றது. மருந்துத் தண்ணீரிலும் நின்றது.

இனி அது உன் கல். தோசைக்கு வேறு வாங்க வேண்டும்.

டிசம்பர் 28

உன் மாமா மறுபடி வந்தார், இந்தத் தடவை வண்டி இல்லாமல். வீடெல்லாம் மருந்து நாற்றம் அடிக்கிறது, தோசைக்கல்லில் இரும்பைச் சுடுகிறாய், ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தார். பேசட்டும் என்றேன். செத்தவளுக்கு இதெல்லாம் என்ன தெரியப்போகிறது என்றார். பிரஸ்ஸில் நிற்கப் போகிறவளுக்குத் தெரியும் என்றேன்.

அவருக்கும் கோபம் ஏறிவிட்டது. "அன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். சாப்பிடாமல் போய்விட்டார்.

அன்றைக்கு லீவு கேட்டிருந்தால் ஜெயபால் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. கட்டுப் பிரித்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். இதற்கு மேல் லீவு போட்டால் வேறு ஆள் பார்ப்பார்கள் என்று பயம். எழுதிவிட்டேன். எழுதினதை அடிக்கப் போவதில்லை.

ஜனவரி 3

முழு போர்டு. ஒரு கோடுகூட அறுபடவில்லை. உளுந்து கழுவுகிற மாதிரி ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி, முந்தானையில் சுற்றி, அமானுல்லா கடைக்கு எடுத்துப் போனேன். மேலே வருகிற சின்னச் சின்னச் சாமானை வைத்து ஈயத்தால் பற்றவைக்க அவரைத்தான் கேட்க வேண்டும்.

விளக்குக்கடியில் பிடித்துப் பார்த்தார். நான் கொண்டுபோன உன் சாமான் டப்பாவிலிருந்து எட்டுக் கால் வைத்த ஒன்றை எடுத்து மேலே வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, இது கண்ணாடியில தெரியற போர்டு. இடம் வலம் மாறி விழுந்திருக்கு."

ஓரத்தில் எல், ஆர் என்று இரண்டு எழுத்து இருக்கிறது, இடது பட்டனுக்கும் வலது பட்டனுக்கும். இரண்டும் திரும்பி நின்றன. லேப்டாப்பிலேயே அது திரும்பித்தான் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சைஸ் ஸ்டிக்கர் இங்கிலீஷ்தான். ஒன்பது வருஷமாக எல் என்ற எழுத்தைத் தாளில் திரும்பித்தான் பார்த்திருக்கிறேன். தாளில் திரும்பியிருந்தால்தான் பிரஸ்ஸில் அமுக்கும்போது சட்டையில் நேராக விழும். சரியாகத்தான் வைத்திருக்கிறாள் என் மகள் என்று நினைத்தேன்.

உன் படம் இஸ்திரிப் பெட்டிக் காலத்துப் படம். அப்போது திருப்பி வைத்தது சரி. இப்போது தாளே கிடையாது, நேராகத் தகட்டில் விழுகிறது. தொழில் தெரியாதவள் யாராவது செய்திருந்தால், எழுத்து திரும்பியிருக்கிறதே என்று கேட்டிருப்பாள். எனக்குத் தொழில் தெரியும், அதனால் கேட்கவில்லை.

அமானுல்லா சிரிக்கவில்லை. "இருவது வருஷமா கடை வச்சிருக்கேன். வீட்டுல போட்ட போர்டுல இவ்வளவு சுத்தமாக் கோடு பாத்ததில்ல. தப்பாத்தான் விழுந்திருக்கு. ஆனா சுத்தமா விழுந்திருக்கு" என்றார்.

பிரிண்ட் கொடுக்கும் முன்னால் ஒரு பெட்டி வரும், அதில் எந்த இடத்தில் டிக் போட்டால் படம் திரும்பும் என்று பில் புத்தகத்தின் பின்பக்கம் வரைந்து கொடுத்தார்.

இரண்டு தகடு.

ஜனவரி 5

டிக் போட்டு, பிரிண்ட் கொடுத்து, தகடு பாதி உள்ளே போயிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பாதிப் படத்தோடு தகடு மாட்டிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம் மெல்ல உருவி எடுத்து ஈரத்துணியால் துடைத்தேன். எல்லாம் வந்துவிட்டது. வேகாத மை. இந்தத் தடவை அது நல்லதுக்கு.

ரேஷனில் பருப்பு இன்னும் வரவில்லை.

ஜனவரி 7

எல் நேராக நிற்கிறது.

ஜனவரி 10

அமானுல்லா கடையில் ஓட்டை போட்டோம். முடி போன்ற துளைகள், மொத்தம் அறுபத்திரண்டு. நான் போடுகிறேன் என்றேன். இடது கையால் வேண்டாம்மா, வழுக்கினால் கோடு அறுந்துவிடும் என்றார். நான் ஒன்று போட்டுக் காட்டினேன். அறுபத்திரண்டையும் போடவிட்டார். டீ இரண்டு தடவை வந்தது.

பற்றவைத்தது அவர்தான். உன் சாமான் பட்டியலை நான் ஒவ்வொன்றாகப் படிக்க, அவர் எடுத்து வைத்தார். கூலி எவ்வளவு என்றேன். இதற்கெல்லாம் தன்னிடம் ரேட் கிடையாது என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற வேறு ஆளைக் கூப்பிட்டார்.

ஜனவரி 12

சாப்பாட்டு நேரத்தில் மினதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேட்காமலே என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். மூன்று மடங்காது. தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்திருக்கும்.

"தீதி, இந்த மிஷினா?"

"ஆமா."

"பெடல் யாரு மிதிச்சா?"

இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு மிஷின் கோளாறு என்று எழுதிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். நீ அன்றைக்கே போய் பிரஸ்ஸை அளந்துகொண்டு வந்தாய்.

"என் கால்தான்" என்றேன்.

மினதி தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

ஜனவரி 15

பொங்கல். இந்த வருஷம் நமக்குக் கிடையாது. போர்வை துவைத்தேன்.

ஜனவரி 19

காலை எட்டு மணிக்கு ஜெயபால் மேஜை மேல் போர்டை வைத்தேன். முதலில் அவருக்கு ஞாபகமே இல்லை. பதினோரு பேரில் நான்கு பேருக்கு ஞாபகம் இருந்தது. அவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். மொதலாளியைக் கேட்காமல் மாட்ட முடியாது என்றார். கேளுங்கள், கேட்டு வரும்வரைக்கும் இங்கேயே நிற்கிறேன் என்று பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டேன். செக்கிங் மேஜையில் சட்டை குவிந்தது. குவியட்டும்.

பத்தரைக்கு எலக்ட்ரீசியன் வந்து மாட்டினான். மேடையில் கை வைக்கிற இடத்தில் நான் கொண்டுபோயிருந்த சுரைக்காயை வைத்தேன். பொம்பளைகள் சிரித்தார்கள். சூடு ஏறட்டும் என்று காத்திருந்தோம்.

எலக்ட்ரீசியன் இடது பட்டனை மட்டும் அமுக்கினான். இறங்கவில்லை. வலது மட்டும். இறங்கவில்லை. இரண்டும் சேர்த்து. தகடு இறங்கியது, சுரைக்காய் நசுங்கித் தண்ணீர் தெறித்து ஆவி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு காயை வைத்து, இறங்கும்போதே ஒரு கையை எடுக்கச் சொன்னேன். தகடு பாதியில் மேலே போய்விட்டது.

ஜெயபால் தாடையைச் சொறிந்தார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, தையல் மேஜையிலிருந்து ஒரு முழம் எலாஸ்டிக் எடுத்துவந்து இடது பட்டனை அமுக்கின மாதிரியே இறுக்கிக் கட்டினார். பீஸ் ரேட்டுக்கு ஓட்டுகிறவர்கள் ஒரு கையை மிச்சம் பிடிக்க அதைத்தான் செய்வார்கள். பொய் சொல்ல மாட்டேன், நானே இரண்டாம் நாள் செய்திருப்பேன்.

அவர் வலது பட்டனை அமுக்கினார். தகடு வரவில்லை. மறுபடி அமுக்கினார். குத்தினார். வரவில்லை. எலாஸ்டிக்கை அவிழ்த்து, இரண்டு கையையும் எடுத்து, மறுபடி சேர்த்து அமுக்கியபோதுதான் வந்தது.

எலக்ட்ரீசியன் போர்டைக் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டையும் விட்டுவிட்டு, மறுபடி ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் ஓடும்படி போட்டிருக்கிறார்கள், கட்டி வைத்தால் ஓடாது என்றான்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நீ பின்னால் நின்று, "ரெண்டு பட்டன் வச்சா உங்காளுக என்னம்மா பண்ணுவாங்க?" என்று கேட்டாய். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒண்ணை எலாஸ்டிக் போட்டுக் கட்டிருவோம், போ" என்றேன். நீ போய்விட்டாய். நான் எரிச்சலில் சொன்னதைக்கூட நீ வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

மொதலாளி வந்தார். யார் செய்தது என்றார். என் பொண்ணு வரைந்தது, பிரிண்ட் போட்டு வேகவைத்தது நான் என்றேன். மற்ற நான்கு பிரஸ்ஸுக்கும் இதே மாதிரி வேண்டும், எப்போது தருவாய் என்று கேட்டார்.

"தர்றனுங்க. அதுவரைக்கும் அந்த நாலும் நிக்கணும்ங்க."

ஆர்டர் போகணுமே என்றார். இந்த ஒன்று ஓடுகிறதே, இரண்டு ஷிப்ட் போடுங்கள் என்றேன். அவர் ஜெயபாலைப் பார்த்தார். ஜெயபால் சுரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொதலாளி போய்விட்டார். மத்தியானத்துக்குள் நான்கு பிரஸ் மேலும் சாக்கு விழுந்தது.

மினதி சாயங்காலம் வரைக்கும் ஓட்டினாள். பெடலைவிட மெதுவாக இருக்கிறது, கை வலிக்கிறது என்று என்னைத் திட்டினாள். பத்து விரலையும் ஆட்டி ஆட்டித் திட்டினாள்.

கழற்றின பெடலை டிபன் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கேட்டால் தரமாட்டேன்.

ஜனவரி 21

மிச்சம் ஒரு தகடு இருக்கிறது. இரண்டாவது போர்டு போட உட்கார்ந்தேன். மற்றதற்கு அமானுல்லா தகடு வரவழைக்கிறேன் என்றிருக்கிறார். இன்று அவசரம் இல்லை. அதனால் உன் படத்தை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தேன்.

மேல் மூலையில் பக்கத்துப் பக்கத்தில் நான்கு புள்ளி. மற்ற எல்லாவற்றுக்கும் பட்டியலில் பெயர் இருக்கிறது, இதற்கு இல்லை. ஒரு மெல்லிய கோடு அதுவரைக்கும் வந்து நிற்கிறது. முதல் போர்டில் அமானுல்லா அதைக் காலியாகவே விட்டுவிட்டாராம். எனக்கு எண்ணிக்கை பார்க்கிற அவசரத்தில் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டேன். விளக்காக இருக்கலாம், மணியாக இருக்கலாம், போர்டு ஓடுவதற்கு அது தேவையில்லை என்றார். ஜெயபாலிடம் சொன்னதற்கு, தேவையில்லாததை அழித்துவிடுங்கள் அக்கா, இடம் மிச்சம் என்றார்.

அழிக்கவில்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து தேடினேன். உன் பேக்கைத் தேடினேன், சாமான் டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன். நான்கு கால் வைத்த எதுவும் இல்லை. அப்படியே பிரிண்ட் எடுத்து, வேகவைத்து, கழுவினேன். அமானுல்லாவின் கைத்துளைப்பானை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். முதலில் அந்த நான்கையும்தான் போட்டேன். வெளிச்சத்தில் பிடித்தால் நான்கு புள்ளியாக வெயில் உள்ளங்கையில் விழுகிறது.

இங்கே என்ன வைப்பதாக இருந்தாய், எறும்பு?